ராமநாதபுரம் கடற்கரைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம் பக்கம் பிறந்தவன் நான். பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். விடுமுறை நெருங்கினால் உறவினர், பழைய நண்பர், படித்துவிட்டு வெளியூர் போன மாணவர் என்று பலரும் போன் போடுவார்கள். "சார், ராமேஸ்வரம் வர்றோம், என்னென்ன பார்க்கலாம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். பத்து நிமிடத்தில் தண்ணீர், காற்று, தங்குமிடம், ஊர்க்காரர்களின் பிழைப்பு என்று எங்கெங்கோ போய்விடும். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

எந்த மாதத்தில் வருவது நல்லது?

எங்கள் கரையில் மாதத்துக்கு முன்னால் எந்தக் கடல் என்று கேட்க வேண்டும். வரைபடத்தைப் பாருங்கள். மண்டபத்திலிருந்து, ராமேஸ்வரம் இருக்கும் பாம்பன் தீவு வழியாக தனுஷ்கோடி வரை நிலம் ஒரு விரல் மாதிரி இலங்கையை நோக்கி நீண்டிருக்கும். விரலுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடல் ஆழம் குறைந்தது, அடியில் சேறும் கடற்புல்லும் உள்ளது. அதைப் பெண் கடல் என்பார்கள். தென்கடலுக்கு ஆழமும் அலையும் அதிகம், அது ஆண் கடல்.

வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கண்மாய் போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் கதை தலைகீழ். வடகடல் சீறும், தெற்கே அலை அடங்கும். நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஒரு கடல் கதவைச் சாத்தினால் மற்றொன்று திறக்கும். அவர்கள் ஆண்டுக்கணக்கே இதை வைத்துத்தான்.

ஆகவே தீவுக்குப் படகில் போக ஆசைப்படுகிறவர்கள் தை, மாசி மாதங்களில் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், தென்கடல் தெளிந்திருக்கும், கிணறுகளில் தண்ணீரும் இருக்கும். சித்திரை, வைகாசியில் பள்ளி விடுமுறைக் கூட்டமும் வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்றாக வரும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் முன்னோருக்குச் செய்ய வருகிறவர்களுக்கு வழி விடுங்கள். வேடிக்கை பார்க்க வேறு நாள் கிடைக்கும்.

எதைப் பேசினாலும் தண்ணீரிலேயே வந்து நிற்கிறீர்களே, ஏன்?

இந்தக் கரையில் எத்தனை பேர் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். இடமோ அறையோ சாலையோ இல்லை. இதை ஒருவர் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளுக்குத் தாமே பதில் சொல்லிக்கொள்வார்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். வைகையின் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டுவதே பெரிய காரியம். ஆற்றங்கரை என்ற ஊரில் அது கடலைத் தொடுவது வெள்ளக் காலத்தில் மட்டும். ஆகவே பெய்த மழையை ஊரணியிலும் கண்மாயிலும் தேக்கித்தான் எங்கள் ஊர்கள் நின்றன. இன்று காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. நீங்கள் விடுதியில் குளிக்கிற தண்ணீர் அப்படி நெடுந்தூரம் வந்த தண்ணீராக இருக்கலாம், லாரியில் வாங்கியதாக இருக்கலாம், அல்லது கீழே உள்ள மணலிலிருந்து உறிஞ்சியதாக இருக்கலாம்.

மணலிலிருந்து உறிஞ்சுவதில்தான் ஆபத்து. தீவின் மணலில் விழுந்த மழைநீர் கீழே இறங்கி, கடலின் உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத்தண்ணீர் எடை கூடுதல், அதனால் அந்த மிதப்பு. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. அதைத் திருப்பிப் போடுங்கள்: மோட்டார் போட்டு மேலே ஓரடி இறக்கினால், அடியில் உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். வாளி கட்டி இறைத்தவரை இந்தக் கணக்கு யாரையும் தொந்தரவு செய்யவில்லை. ஆழ்குழாய் வந்ததும் நிலைமை மாறிவிட்டது. எங்கள் உறவினர் வீட்டுக் கிணற்றில் என் சிறு வயதில் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். பக்கத்து மனையில் பல அடுக்கு விடுதி ஒன்று எழுந்து, ஆழ்குழாய் இறக்கிய சில ஆண்டுகளில், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. விடுதிக்காரர் லாரியில் வாங்கிக்கொண்டார். கிணற்றுக்காரர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் நீராடுகிறீர்கள். பெரும்பாலும் கிணறுகள்தான் அவை. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, கிணற்றில் குடிக்கத்தக்க தண்ணீர் ஊறுவது பக்தருக்கு அருள். எனக்கு அருளோடு சேர்த்து மணலின் வேலையும்தான். இரண்டுக்கும் சண்டையில்லை. கோயிலுக்கு வெளியேயும் தீவெங்கும் தீர்த்தக் குளங்கள் உண்டு. தூர்ந்துபோன பலவற்றை விவேகானந்த கேந்திரம் தூர்வாரி மீட்டிருக்கிறது. போகிற வழியில் ஒன்றிரண்டையாவது எட்டிப் பாருங்கள்.

அறையில் நாங்கள் என்ன செய்தால் உதவியாக இருக்கும்?

வாளியில் குளியுங்கள். தினமும் படுக்கை விரிப்பை மாற்றச் சொல்லாதீர்கள். முன்பதிவு செய்யும்போது "தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். மணல் பூமியில் கழிவுநீர்த் தொட்டி சரியாகக் கட்டப்படாவிட்டால் கழிவு நேரே அந்த மிதக்கும் நல்ல தண்ணீரில்தான் கலக்கும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு விடுதிக்காரர் பதில் தயார் செய்து வைப்பார். நான் பார்த்தவரை, கேட்கிற வாடிக்கையாளருக்குத்தான் அவர்கள் அசைவார்கள்.

தங்கச்சிமடம், அக்காள்மடம், முகுந்தராயர் சத்திரம்: இந்தப் பெயர்களுக்கு என்ன காரணம்?

எனக்குப் பிடித்த கேள்வி. எங்கள் ஊர்ப் பெயர்களே ஒரு பழைய சுற்றுலாத் திட்டம்.

சேதுபதி என்றால் சேதுவைக் காப்பவர். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளுக்குக் கடமை, சேதுவுக்கு வரும் யாத்திரிகரைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது. ஆகவே சேது வழியில் மடங்களும் சத்திரங்களும் கட்டி, அவற்றுக்கு நிலம் எழுதிவைத்தார்கள். அக்காள், தங்கை பேரில் எழுந்த மடங்களே இரண்டு ஊர்களாயின என்று வழிவழியாகச் சொல்வார்கள். மண்டபம் என்ற பெயரே தங்கல் இடத்தின் பெயர்தான். நடந்து வருகிறவன் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவான், எங்கே நிழல் வேண்டும், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று பார்த்துத்தான் சத்திரம் வைத்தார்கள். கிணறோ ஊரணியோ இல்லாத இடத்தில் சத்திரம் இருந்து என்ன பயன்?

வேறு பெயர்களும் பேசும். பட்டினம் என்று முடிந்தால் கப்பல் வந்த ஊர்: தேவிபட்டினம், பெரியபட்டினம். வலசை என்று முடிந்தால் இடம்பெயர்ந்து வந்து குடியேறிய ஊர்: பிரப்பன்வலசை மாதிரி. பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே பேருந்தில் வந்தால் பாதி வரலாறு ஜன்னலிலேயே கிடைத்துவிடும். அண்மைக்காலமாக மனைப்பிரிவுகளுக்கும் விடுதிகளுக்கும் எங்கேயும் வைக்கக்கூடிய பெயர்களை வைக்கிறார்கள். பத்து ஆண்டில் ஆட்டோக்காரரும் அந்தப் பெயரையே சொல்லுவார். மடமும் வலசையும் அப்படித்தான் காணாமல் போகும் என்று எனக்குக் கவலை உண்டு.

தனுஷ்கோடி "பேய் ஊர்" என்கிறார்களே?

அப்படிச் சொல்லாதீர்கள். மனம் வலிக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் சேர்ந்து தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அதில் இருந்தவர்களோடு போனது. அதற்கு முன் அது இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறைமுகம். ரயில் நிலையம், சுங்கம், அஞ்சலகம், தேவாலயம், கோயில் எல்லாம் இருந்த ஊர். வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பின்னும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். இன்றும் அங்கே குடிசைகளில் இருக்கிறார்கள், வலை இழுக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார்கள். இறந்தவர்களின் பேரன் பேத்திகள் இருக்கிற இடத்தை வீடியோவுக்காகப் பேய் ஊர் என்பது அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லும் சொல்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்டார்கள். அதற்கு முன் மணலில் ஓடும் வேன்தான். இப்போது வாகனங்கள் நேரே முனைக்குப் போய், திரும்பி, அன்றே மதுரை போய்விடுகின்றன. இடிந்த தேவாலயச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் கவனியுங்கள். அதில் பவளக் கல் இருக்கும். பவளத்தை வெட்டி வீடு கட்டிய காலத்தின் சாட்சி அது. சுவரில் பெயர் கீறாதீர்கள், கல்லைப் பெயர்க்காதீர்கள். முனையில் கடலில் இறங்கவே வேண்டாம். இரண்டு பக்க நீரோட்டமும் சந்திக்கும் இடம், நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும். மாலையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுவும் நல்லதுக்கே.

தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். மணலில் வண்டி ஏற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

பவளப்பாறைத் தீவுகளுக்குப் போக முடியுமா?

எல்லாத் தீவுக்கும் முடியாது. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. வானிலை பார்த்துத்தான் விடுவார்கள். அதில் போங்கள். தனியாரிடம் பேரம் பேசி மற்றத் தீவில் கால் வைப்பது குற்றம். அதை ஆசை காட்டுகிற படகுக்காரர் மாட்டிக்கொண்டால் படகும் போய், பிழைப்பும் போகும்.

இந்தத் தீவுகளில் இரண்டு, கீழக்கரை அருகே பூவரசன்பட்டியும் தூத்துக்குடி அருகே விலங்குச்சல்லியும், நீருக்குள் போய்விட்டன. பல்லாண்டுகள் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியதில் அலையைத் தடுக்கும் சுவர் இல்லாமல் போயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகு வெட்டுவது நின்றது. கடல் சூடாகி 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்தன. அது நாம் இங்கே நிறுத்தக்கூடியது இல்லை. மிதிப்பதையும் நங்கூரம் போடுவதையும் நிறுத்தலாம்.

சங்கு, சிப்பி, பவளம், "மிதக்கும் கல்" வாங்கலாமா?

பவளம், கடல் குதிரை, கடல் அட்டை வேண்டவே வேண்டாம், சட்டப்படி குற்றம். சிப்பிகளிலும் பல இனங்கள் பாதுகாக்கப்பட்டவை. கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து எது எது என்று பிரித்தறிய உங்களால் முடியாது. மிதக்கும் கல்லைக் கும்பிடுவது உங்கள் நம்பிக்கை. விலைக்குத் தருகிற கல்லில் பவளத் துண்டும் இருக்கலாம், அதனால் வாங்காமல் கும்பிட்டுவிட்டு வாருங்கள். நினைவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பனை ஓலைப் பெட்டி வாங்குங்கள். கையால் முடைந்தவருக்கு நேரே காசு போகும்.

கடலில் இடுப்பளவு நீரில் பெண்கள் ஏதோ பறிக்கிறார்களே, படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் பாசி எடுக்கிறார்கள்.

பாம்பன் சின்னப்பாலம், மண்டபம், ஏர்வாடிப் பக்கம் பல ஊர்களில் பெண்கள் தலைமுறைகளாகச் செய்யும் தொழில். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, சிலர் காலில் தகடு கட்டியிருப்பார்கள். மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் வளர்ந்த மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பார்கள். அதிலிருந்துதான் அகர் அகர். கட்டக்கோரை என்ற இன்னொரு பாசியிலிருந்து கிடைக்கும் பொருள் துணிக்குச் சாயம் ஏற்ற உதவுகிறது. நீங்கள் சாப்பிட்ட ஜெல்லியில் இவர்கள் கைப்பட்ட பாசி இருந்திருக்கலாம்.

தேசியப் பூங்கா வந்ததும் இவர்கள் பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுகளே தடைசெய்யப்பட்ட இடங்கள் ஆயின. பிடிபடுவது, பாசி பறிபோவது, திட்டு வாங்குவது எல்லாம் நடந்தன. அப்போது இவர்கள் தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாட்கள்தான் கடலுக்குப் போவது, சித்திரையை ஒட்டிய வளர்ச்சிக் காலத்தில் நிறுத்துவது, உலோகச் சுரண்டியைத் தொடாமல் கையால் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டுப் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்ணையில் வளர்க்கக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பாசியான கப்பாபைகஸ், குருசடைப் பக்கம் பவளத்தின்மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கையால் பறித்த பெண்களைச் சந்தேகித்த காலத்தில், பவளத்தை மூடியது வளர்ச்சித் திட்டத்தோடு வந்த பாசி. கரையைக் காப்பது பற்றி யாரிடம் கேட்பது என்பதற்கு எனக்கு இதுவே பதில்.

ஊர்க்காரர்களே நடத்தும் சுற்றுலா எங்காவது இருக்கிறதா?

காரங்காடு. தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்ப வேண்டும். சதுப்புநிலக் காடு, அதற்குள் ஓடை, செங்கோல் மாதா கோயில், மீனவர் வீடுகள். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. ஊர் இளைஞர்தான் வழிகாட்டி. பெண்கள் சமைத்துத் தருவார்கள். நண்டு சூப்பை விடாதீர்கள். அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே ஈட்டிபோல நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கூட்டம் பெருகினால் இங்கும் தண்ணீரும் குப்பையும் பிரச்சினையாகும். ஆனால் "இன்றைக்குப் போதும்" என்று சொல்லும் உரிமை ஊரிடம் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் அந்த உரிமை யார் கையில் இருக்கிறது?

பாம்பன் பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாமா?

சாலைப் பாலத்தில் நிறுத்தாதீர்கள். தீவுக்கு வண்டி போக வேறு வழி கிடையாது, ஆம்புலன்ஸும் அதில்தான் வர வேண்டும். 1988இல் அந்தப் பாலம் திறக்கும்வரை 1914இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான் எங்களைக் கரையோடு கட்டிவைத்திருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறந்தது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுத்துண்டு செங்குத்தாக மேலே எழும். ரயிலில் வாருங்கள், ஜன்னலில் இரண்டு கடலும் தெரியும், வண்டியும் ஒன்று குறையும்.

ராமேஸ்வரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள்.

கீழக்கரைக்குப் போங்கள். முத்தும் சங்கும் கப்பலும் கண்ட மரக்காயர் ஊர், வள்ளல் சீதக்காதியின் ஊர். பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால், கோயில் கட்டிய அதே சிற்பிகளின் கைவாகு தெரியும். அனுமதி கேட்டு, தலையை மூடி, தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். ஏர்வாடி தர்காவில், மனநோய் தீர வேண்டி வந்து தங்கும் நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களாக வணங்கும் ஒன்பது கற்களும் கடலுக்குள் நிற்கின்றன, நவபாஷாணம். திருப்புல்லாணியில் பெருமாள் தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கிறார். ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) நினைவாகத் தேவாலயம். அந்தச் செம்மண்ணைப் பக்தர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அழகன்குளத்தில் வைகை முகத்தில் தோண்டியபோது ரோமானிய வணிகத்தின் பானை ஓடுகள் கிடைத்தன.

இவை அருகருகே நிம்மதியாக இருப்பதற்கு ஒரு காரணம் தொழில். அப்துல் கலாமின் தந்தை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே படகில் யாத்திரிகரை ஏற்றிச் சென்றவர். முஸ்லிமின் படகு, இந்துவின் யாத்திரை, பரதவரின் துறை. ஒருவருக்கு ஒருவர் வேண்டியிருந்தார்கள். சுற்றுலா முழுக்க வெளியூர் நிறுவனங்களின் வேனும் வெளியூர் விடுதியும் வெளியூர்ச் சமையலும் ஆகிவிட்டால் இந்தத் தேவை அறுந்துபோகும். கரையின் அடையாளம் என்று நான் சொல்வது ஒரு சின்னத்தையோ சிலையையோ அல்ல, இப்படி ஒருவர் தயவில் ஒருவர் வாழ்ந்ததைத்தான்.

என்ன சாப்பிடலாம்?

அன்றன்று கரையில் ஏலம் போன மீன் எதுவோ அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான் வரும், விலை கூடும், பேரம் பேசாதீர்கள். மீன்குழம்பில் போடுவது ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. குண்டாக, தோல் கெட்டியாக இருக்கும். கால் கிலோ வீட்டுக்கு வாங்கிப் போங்கள். கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பும் பனங்கருப்பட்டியும் பட்டியலில் உண்டு.

பறவை பார்க்கலாமா?

பார்க்கலாம், மார்கழி முதல் மாசி வரை. உள்நாட்டில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் நான்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருக்கும் கண்மாய்கள். தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காக 2025 ஜூனில் சரணாலயம் அறிவித்தார்கள். டிரோன் பறக்கவிடாதீர்கள்.

அக்னி தீர்த்தத்தில் துணியை விட்டுவிட வேண்டும் என்கிறார்களே?

கோயிலுக்கு எதிரே கடலில் நீராடும் அந்த இடத்தில் சிலர் அப்படிச் செய்கிறார்கள். அந்தத் துணி கடலில் கரைவதில்லை. வலையில் சிக்கும், பவளத்தில் சுற்றும், படகின் விசிறியில் மாட்டும். நீராடிவிட்டு ஈரத்துணியைப் பையில் வைத்து எடுத்துப் போங்கள், அல்லது கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுதும் தடை. வரும்போதே மஞ்சப்பையும் தண்ணீர்ப் பாத்திரமும் கொண்டுவாருங்கள்.

சுற்றுலா வளர்ந்தால் ஊருக்கு வருமானம்தானே, ஏன் குறை சொல்கிறீர்கள்?

வருமானம் வருகிறது, மறுக்கவில்லை. என் மாணவர்கள் பலர் ஆட்டோ ஓட்டியும் அறை வாடகைக்கு விட்டும் தங்கைகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கடலுக்குப் போனால் எல்லைப் பிரச்சினை, கைது, படகு பறிமுதல் என்று அச்சத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் கரையிலேயே ஒரு வேலை கிடைப்பது பெரிய ஆறுதல்.

ஆனால் 2011 கணக்கெடுப்பில் ராமேஸ்வரம் நகரத்து மக்கள் சுமார் 45,000 பேர். அமாவாசை ஒன்றில் அதைவிடக் கூடுதலானவர்கள் ஒரே நாளில் வந்துபோகிறார்கள். குழாய், சாக்கடை, குப்பை வண்டி எல்லாம் 45,000 பேர் கணக்குக்கு. வந்தவர் மாலையில் போய்விடுவார். அவர் விட்டுப்போனதும் குடித்துப்போனதும் ஊர்க் கணக்கில் நிற்கும். காலையில் வந்து மாலையில் போகிற ஆயிரம் பேரைவிட, மூன்று நாள் தங்கி, ஊர்க் கடையில் சாப்பிட்டு, ஊர்ப் படகில் போகிற நூறு பேர் இந்தக் கரைக்கு நல்லது என்று நினைக்கிறேன். இதற்கு நகராட்சியும் அரசும் செய்ய வேண்டியது நிறைய: புதிய விடுதிக்கு அனுமதி தரும்போது அறை எண்ணிக்கையைத் தண்ணீர்க் கணக்கோடு கட்டிவைப்பது, தீவுக்குள் ஆழ்குழாயைக் கட்டுப்படுத்துவது, ஊரணிகளை அளந்து வேலி போடுவது. மண்டபத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு ரயிலிலும் நகரப் பேருந்திலும் தீவுக்குள் அனுப்புவதும் செய்யக்கூடியதே.

யாத்திரைக்கு வருகிற ஏழை பக்தரை நான் குறைக்கச் சொல்லவில்லை. அவர் ஒரு வாளித் தண்ணீரில் குளித்து, மண்டபத் தரையில் படுத்துக்கொள்வார். அவருக்காகத்தான் சத்திரமே கட்டினார்கள்.

பிள்ளைகளோடு ஒரே நாள்தான் இருக்கப் போகிறோம். ஒன்றே ஒன்று காட்டுவதென்றால்?

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே, வெயில் ஏறுமுன் போங்கள். அங்கே மீனவப் பெண்கள் மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவே முழங்கையளவு குழி. "அக்கா, பிள்ளைகளுக்குக் காட்டலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அரைக் குவளை தருவார்கள், பிள்ளைகள் குடித்துப் பார்க்கட்டும். உப்புக் கரிக்காது. வேகமாக அள்ளினால் கலங்கும், கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஊறும். அந்தக் குழியில் கை கால் கழுவவிடாதீர்கள், அது அந்த வீட்டின் அன்றைய குடிநீர்.